1,400 குதிரைவலு: யாரும் அளக்காத ஓர் எண்

நமது பழைய மாணவர்கள் சிலர் இப்போது கராஜ்களில் வேலை செய்கிறார்கள். வாகனப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சேர், எண்பதுகள்ல பி.எம்.டபிள்யூ ஒன்றரை லீற்றர் நாலு சிலிண்டர்ல 1,400 குதிரைவலு எடுத்திருக்கானுகளே, நாம இந்த டர்போ கார்ல 300 எடுக்க ஏலாதா?" ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. முதலில் அந்த எஞ்சினின் கதையைப் பார்ப்போம்.

1966இல் வந்த ஃபோர்முலா 1 விதி இரண்டு வழிகளைத் திறந்து வைத்தது. சாதாரண எஞ்சின் என்றால் 3 லீற்றர். வளியை அமுக்கி உள்ளே தள்ளும் எஞ்சின் என்றால் 1.5 லீற்றர் மட்டும். பாதிக் கொள்ளளவில் யார் ஓடுவார் என்று பத்து வருடங்களுக்கு மேல் இரண்டாவது வழிப்பக்கம் எவரும் போகவில்லை. 1977இல் ரெனோ நிறுவனம் டர்போ காரைச் சில்வர்ஸ்டனுக்குக் கொண்டுவந்தபோது, அடிக்கடி புகை கக்கிய அந்தக் காருக்கு ஆங்கிலேயர்கள் வைத்த பட்டப்பெயர் 'மஞ்சள் தேநீர்ப் பாத்திரம்'. இரண்டே வருடங்களில், 1979இல், டிஜோனில் அதே ரெனோ வென்றது. சிரித்தவர்கள் எல்லோரும் டர்போ தேடத் தொடங்கினார்கள்.

ரெனோவும் ஃபெராரியும் ஆறு சிலிண்டர் எஞ்சின் கட்டின. பி.எம்.டபிள்யூவின் பவுல் ரோஷ எடுத்துக்கொண்டது கடைக்குப் போகும் காரின் நாலு சிலிண்டர் கட்டையை. அலெக்ஸ் ஃபொன் ஃபால்கன்ஹவுசன் வடிவமைத்த அந்த வார்ப்பிரும்புக் கட்டை, 1962இல் 'பி.எம்.டபிள்யூ 1500' காரில் 80 குதிரைவலு கொடுத்தது. 1973இல் '2002 டர்போ' காரில் 170. பெற்றோல் நெருக்கடி வந்த அதே வருடத்தில் அப்படி ஒரு காரை விற்க வந்தது பாவம், அவர்களின் நேரம்!

ரோஷயின் ஆட்கள் பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடிய பழைய கட்டைகளையே விரும்பினார்கள். சூடாகிச் சூடாகி ஆறிய இரும்பில் வார்ப்பின்போது தங்கிய உள் இறுக்கங்கள் தளர்ந்துவிடும் என்பதே காரணம். அந்தக் கட்டைகளை வெட்டவெளியில் போட்டு, அவற்றின்மீது சிறுநீர் கழித்துப் பதப்படுத்தினார்கள் என்று ஒரு கதையும் உலாவுகிறது. கதையைக் கதையாகவே விடுவோம்.

1982இல் பிரபாம் அணியின் காரில் இந்த எஞ்சின் ஏறியது. ஜூன் மாதம் டெட்ராயிட்டில் நெல்சன் பிக்கே பந்தயத்துக்குத் தகுதிகூடப் பெறவில்லை. அடுத்த வாரம் மொன்றியலில் முதலிடம்! 1983 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவின் கியலாமியில் அவர் உலகச் சம்பியன். டர்போ காரில் சம்பியனான முதல் ஓட்டுநர் அவர்தான். அன்று அவர் தேவையான புள்ளி கிடைக்கும் என்றதும் அமுக்கத்தைக் குறைத்து, மூன்றாவதாக வந்து சேர்ந்தார். போட்டியாளர் அலன் புரொஸ்டின் டர்போவோ இடையிலேயே போய்விட்டது.

இனி நமது பிள்ளைகள் சொல்லும் எண்ணுக்கு வருவோம். 1986இல் தகுதிச் சுற்றுக்கு மட்டும் அமுக்கம் வளிமண்டலத்தைப்போல ஐந்து மடங்கைத் தாண்டியது. அவர்களிடம் இருந்த அளக்கும் கருவி 1,280 குதிரைவலுவுக்கு மேல் காட்டாது. ஆகவே 1,300, 1,400 என்பவை எல்லாம் கணித்துச் சொன்னவை. அந்த எஞ்சினின் ஆயுளோ ஒருசில சுற்றுக்கள். சனிக்கிழமை மாலை அதைக் கழற்றிவிட்டு, பந்தயத்துக்கு வேறு எஞ்சின் பூட்டுவார்கள். பந்தயத்தில் ஓடியது ஏறக்குறைய 900க்குத்தான். இந்தப் பாதிக் கதையை நமது பிள்ளைகள் சொல்வதில்லை.

ஏன் அந்த 1,400ஐ ஒரு பந்தயம் முழுவதும் ஓட்ட முடியவில்லை? கட்டை உடைந்ததாலா? பெரும்பாலும் கட்டை தாங்கியது. தகராறு சிலிண்டருக்குள். வளியை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்த எவருக்கும் தெரியும். இடைக்குளிரூட்டியால் எல்லாச் சூட்டையும் எடுக்க முடியாது. பிளக் பொறி விட்டதும் தீச்சுவர் பரவிக்கொண்டு போகிறது. அது எட்டுவதற்கு முன் மூலையில் மிஞ்சிய கலவை தானாகவே வெடித்தால், அதுதான் 'நொக்கிங்'. பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோல. சில அடிகளில் ஓட்டை விழும்.

இங்கே நாலு சிலிண்டருக்கு ஒரு பாதகம். அதே 1,500 கன சென்ரிமீற்றரை ஆறாகப் பிரித்தால் ஒன்றுக்கு 250; நாலாகப் பிரித்தால் 375. ரோஷயின் பிஸ்டன் 89.2 மில்லிமீற்றர் அகலம். தீ போக வேண்டிய தூரம் கூட, ஒவ்வொரு பிஸ்டனும் சுமக்கும் வெப்பமும் கூட. மருந்தாக நெருக்கல் விகிதத்தைச் சுமார் 7:1க்கு இறக்கினார்கள். தொலுயீன் கூடிய, எளிதில் நொக் ஆகாத எரிபொருள் செய்வித்தார்கள். தேவைக்கு மேல் எரிபொருள் தெளித்து, அதன் ஆவியாகும் குளிர்ச்சியால் பிஸ்டனைக் காப்பாற்றினார்கள். (நம் நாட்டுப் பம்பில் பெரும்பாலும் கிடைப்பது 92உம் 95உம்தான் என்பதைப் பிள்ளைகள் இந்த இடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.)

எரிபொருளால் குளிரூட்டும் வழியில்தான் நிர்வாகம் கைவைத்தது. 1984இல் பந்தயத்துக்கு 220 லீற்றர், நடுவில் நிரப்பவும் தடை. 1986இல் 195 லீற்றர். 300 கிலோமீற்றர் பந்தயத்துக்கு இது லீற்றருக்கு ஒன்றரைக் கிலோமீற்றர்! குளிர்ச்சிக்குப் பெற்றோல் செலவழித்தால் முடிவுக்கோட்டுக்குப் போதாது. செலவழிக்காவிட்டால் பிஸ்டன் மிஞ்சாது. 1985 இமோலாவில் முன்னணியில் ஓடிய சென்னா பெற்றோல் முடிந்து நின்றார். அவருக்குப் பின் முன்னணிக்கு வந்த யோஹான்சனும் நின்றார். அவர்களுடையவை ஆறு சிலிண்டர் எஞ்சின்கள். ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

பிக்கேயின் 1984 கணக்கை நாம் பலமுறை வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம்: முன்வரிசை முதலிடம் 9, வெற்றி 2. ஒரு சுற்றில் அவரை யாரும் நெருங்க முடியவில்லை. எழுபது சுற்றில் எஞ்சின் நெருங்க விடவில்லை. 1986 ஒஸ்திரியாவிலும் அப்படித்தான். பெனட்டன் காரில் அதே எஞ்சினோடு முதலிடத்தில் புறப்பட்ட டியோ ஃபாபி, 17ஆவது சுற்றில் எஞ்சின் போய் இறங்கினார். அந்த வருடம் ஒக்டோபரில் மெக்சிகோவில் கெர்ஹார்ட் பேர்கர் வென்றது அந்த எஞ்சினின் கடைசி வெற்றி.

பிள்ளைகளின் 300க்கு வேறு அளவுகோல் இருக்கிறது. 2019இல் மெர்சிடீஸ் ஏ.எம்.ஜி 2 லீற்றர் நாலு சிலிண்டரில் 421 குதிரைவலுவை உத்தரவாதத்தோடு விற்றது. ஆனால் பிஸ்டன், எண்ணெய்க் குளிர்ச்சி, டர்போ எல்லாவற்றையும் அந்த எண்ணுக்காகவே வடிவமைத்த பிறகுதான் விற்றது. 150க்கு வடிவமைத்த எஞ்சினில் கணினிக் கோப்பை மட்டும் மாற்றி 300 கேட்டால், அதுவும் கொடுக்கும். எத்தனை நாளைக்கு என்று முதலில் அந்தக் கராஜ்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

1987இல் அமுக்கத்துக்கு 4 பார் எல்லை வந்தது, 1988இல் 2.5 பாரும் 150 லீற்றரும். பி.எம்.டபிள்யூ விலகியபின் 'மெகாட்ரான்' என்ற வேறு பெயரில் ஆரோஸ் கார்களில் ஓடிய அதே இரும்பு, 1988 மொன்சாவில் மூன்றாவது, நான்காவது இடங்களில் வந்தது. அடுத்த வருடம் டர்போவே தடை.