எல்க் ஹில்லில் எல்க் கிடையாது!

பேரிகை பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் காதுல விழும். கடமானைக் கன்னடத்துல கடவேன்னு சொல்வாங்க. குமரிப் பக்கம் மிளா, இலங்கையில மரை. இத்தனை பேர் போதாதுன்னு வெள்ளைக்காரங்க வெச்ச பேர் 'எல்க்'. நிஜ எல்க் வட ஐரோப்பாவுல இருக்கற வேற மான். பெரிய மானைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துடுச்சு போல :-) ஊட்டி எல்க் ஹில் பேரும் இப்படித்தான்.

1848ல நுவரெலியாவுல குடியேறின சாமுவேல் பேக்கருக்கு எல்க் வேட்டைன்னா உயிர். வேட்டைநாய்களை விட்டுத் துரத்துவார். ஓடிக் களைச்ச மரை ஓடைத் தண்ணியில நின்னு நாய்களை எதிர்க்கும்போது, கிட்டப் போய்க் கத்தியால குத்துவார். அதைப் புத்தகமாவும் எழுதிவெச்சார்.

நூறு வருஷம் கழிச்சு நம்மாள் ஒருத்தர், மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவோட மகன். காட்டுக்குள்ள யானை மேல உக்காந்துகூட படமெடுத்தவர், எல்லாம் கறுப்பு வெள்ளை. மிருகம் தன்பாட்டுல இருக்கறதைத்தான் எடுத்தார்.

இலங்கை ஹார்ட்டன் சமவெளி 1988ல தேசியப் பூங்கா ஆச்சு. ஜனவரி விடியல்ல புல்லெல்லாம் உறைபனி, நடுவுல மரை. அருமையான படம்தான். ஆனா ஆளுங்க தீனி போட்டுப் பழக்கினதுல சிலது பக்கத்துலயே வந்து நிக்குது. மொபைல் போதும், லென்ஸே வேணாம். எனக்கென்னவோ அது கோயில் வாசல் மாட்டைப் படமெடுக்கற மாதிரி இருக்கு.

நம்ம அஞ்செட்டிக் காட்டுக் கடமான் ஆள் வாடை பட்டா காலால தரையைத் தட்டும், ஒரு கத்து கத்தும், அவ்ளோதான், புதருக்குள்ள போயிடும். படம் கலங்கலாத்தான் வரும். வரட்டுமே.