கால்பைசாகி

கால்பைசாகி என்பது, தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் கிழக்கு இந்தியாவிலும் வங்கதேசத்திலும் வீசும் இடிமின்னலுடன் கூடிய சூறைக்காற்று. பெரும்பாலும் சோட்டா நாக்பூர் பீடபூமியை ஒட்டிப் பிற்பகலில் உருவாகி, தென்கிழக்கு நோக்கி நகர்ந்து, அந்தி வேளையில் மேற்கு வங்கத்தின் சமவெளியை அடைகிறது. வடமேற்கிலிருந்து வருவதால் ஆங்கிலேயர் இதை 'நார்வெஸ்டர்' என்றனர். ஓர் ஊரைக் கடக்க இதற்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படுவதில்லை. அதற்குள் வெயிலின் கொடுமையைத் தணித்துவிடும். சில நாள்களில் கூரைகளையும் உயிர்களையும் பறித்துச் சென்றுவிடும்.

பெயர்

'பைசாக்' வங்காள ஆண்டின் முதல் மாதம். ஏப்ரல் நடுவில் தொடங்கும் அது, ஏறத்தாழ நம் சித்திரை மாதமே. 'கால்' என்ற வங்காளச் சொல்லுக்கு அழிவு, கேடு என்ற பொருள்கள் உண்டு. தமிழில் எமனைக் குறிக்கும் 'காலன்' என்ற சொல்லும் இதே வடமொழி வேரிலிருந்து வந்தது. ஆகவே 'கால்பைசாகி' என்றால் பைசாக் மாதத்துக் கேடு. காற்றைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லான 'கால்' இதனோடு தொடர்பற்றது.

அசாமில் இதே காற்றுக்கு 'போர்தோய்சிலா' என்று பெயர். ரொங்காலி பிஹு திருநாளையொட்டித் தாய்வீட்டுக்கு விரைந்து வரும் பெண் அவள் என்பது அங்குள்ள மக்களின் நம்பிக்கை. தாயைக் காணும் அவசரத்தில் வழியில் உள்ளதையெல்லாம் தட்டிவிட்டு வருகிறாளாம்.

உருவாகும் விதம்

மார்ச் மாதத்திலிருந்து பீடபூமியின் தரை கடுமையாகச் சூடேறுகிறது. அங்கே காற்றழுத்தம் குறைகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து ஈரமும் வெம்மையும் நிறைந்த காற்று, தரையை ஒட்டி உள்நாட்டுக்குள் நுழைகிறது. அதற்கு மேலே, மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வறண்ட காற்று வீசிக்கொண்டிருக்கும். கீழே ஈரம், மேலே வறட்சி என்ற இந்த அடுக்கு நிலையற்றது. பிற்பகல் வெயிலில் கீழ்க்காற்று மேலெழும்பத் தொடங்கினால், கார்திரள் மேகங்கள் 12 முதல் 15 கி.மீ. உயரம் வரை வளர்ந்துவிடும்.

மேகத்திலிருந்து விழும் மழையின் ஒரு பகுதி வறண்ட காற்றில் ஆவியாகிறது. அதனால் குளிர்ந்து கனத்த காற்று வேகமாகக் கீழிறங்கி, தரையில் மோதி முன்னோக்கிப் பாய்கிறது. சூறைக்காற்றாக நம்மைத் தாக்குவது இதுவே. இந்தக் குளிர்காற்று தன் முன்னே உள்ள வெம்மையான காற்றை மேலே தள்ளுவதால் புதிய மேகங்கள் பிறக்கின்றன. இடிமேகங்கள் வரிசை கட்டி நகர்வதும் இதனால்தான். காற்றின் வேகம் மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் போவது வழக்கம், 100 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு.

வருகையின் அடையாளங்கள்

அன்று பகல் முழுவதும் புழுக்கம் தாங்காது. மாலையில் காற்று அடியோடு நின்று இலைகூட அசையாது. வடமேற்கு வானில் கருநீல மேகம் வில்போல் வளைந்து எழும். முதலில் புழுதி பறக்கும். அதன் பின்னாலேயே சில்லென்ற காற்று முகத்தில் அறையும். மாமரங்கள் உலுக்கப்பட்டுக் காய்கள் பொலபொலவென்று உதிர, பிள்ளைகள் கூடையோடு தோப்புக்கு ஓடுவார்கள். வங்காளக் கிராமங்களில் தலைமுறைகளாகத் தொடரும் மகிழ்ச்சி இது. ஆனால் மழை தொடங்கும் முன்பே மின்னல் தரையிறங்கக்கூடும். பிள்ளைகள் மரத்தடியில் நிற்கும் அந்த நிமிடங்களே மிகுந்த ஆபத்தானவை.

பயனும் பாதிப்பும்

வங்காளத்தின் சணல் விதைப்புக்கும், ஆவுஸ் நெல்லுக்கும், அசாமின் தேயிலைத் துளிருக்கும் இந்த மழை பெரும் துணை. அதே வேளையில் அறுவடைக்கு நிற்கும் போரோ நெல்லை ஆலங்கட்டி மழை வீழ்த்திவிடும். மால்டா மாவட்டத்து மாம்பழ விவசாயிகளின் ஆண்டு வருமானம் ஒரே மாலையில் தரையில் கிடக்கும்.

வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் 1986 ஏப்ரல் 14 அன்று ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள ஆலங்கட்டிகள் விழுந்து 92 பேர் இறந்தனர். இத்தகைய இடிமேகங்களிலிருந்து சில சமயம் டொர்னேடோ எனப்படும் புனல் வடிவச் சுழற்காற்றும் இறங்குவதுண்டு. 1989 ஏப்ரல் 26 அன்று மாணிக்கஞ்ச் மாவட்டத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கிய டொர்னேடோவில் சுமார் 1,300 பேர் மாண்டனர். உலகில் பதிவான டொர்னேடோக்களில் மிக அதிக உயிர்களைப் பலிகொண்டது இதுவே.

முன்னறிவிப்பு

இந்திய வானிலை ஆய்வுத் துறை கோடையின் தொடக்கத்தில் மார்ச் முதல் மே வரையிலான பருவத்துக்கான கண்ணோட்டத்தை வெளியிடுகிறது. வெப்பநிலை இயல்பைவிடக் கூடுமா, வெப்ப அலை நாள்கள் மிகுமா என்பனவற்றை அது சொல்லும். எந்த மாலையில் எந்த ஊரில் சூறை அடிக்கும் என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே யாராலும் கூற இயலாது. அதற்குத் தினசரி அறிக்கைகள் உள்ளன. அவை மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் எச்சரிக்கின்றன: மஞ்சள் என்றால் கவனித்திருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும்.

மிகத் துல்லியமானது, அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு. கொல்கத்தா, பாட்னா, அகர்தலா முதலிய இடங்களில் உள்ள டாப்ளர் ரேடார்கள் மேகங்களின் நகர்வைக் காட்டுவதால் இது சாத்தியமாகிறது. காற்றின் வேகம் திடீரென்று குறைந்தது 29 கி.மீ. கூடி, மணிக்கு 40 கி.மீ.யை எட்டி, ஒரு நிமிடமாவது நீடித்தால் அதைச் சூறைக்காற்று என்று இத்துறை வரையறுக்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, அருகில் மின்னல் தாக்கும் அபாயத்தைக் கைப்பேசியிலேயே தெரிவிக்கிறது.

தற்காப்பு

இந்தியாவில் மின்னலால் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். வங்கதேசம் 2016-இல் மின்னலைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. வயல்வெளிகளில் இடிதாங்கியாக உயர்ந்து நிற்கட்டும் என்று பனை நடும் திட்டத்தையும் அடுத்துத் தொடங்கியது. பனை வளர்ந்து ஓங்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரையும் அதற்குப் பின்னும் உயிர் காப்பவை எளிய சில பழக்கங்களே. மின்னல் வெட்டி 30 விநாடிக்குள் இடியோசை கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே உறுதியான கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ செல்ல வேண்டும். மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் ஒதுங்கக் கூடாது. குளம், வயல், படகு ஆகியவற்றைவிட்டு வெளியேற வேண்டும். கடைசி இடியோசை அடங்கி 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக் கூடாது. உதிர்ந்த மாங்காயை அதன் பிறகும் பொறுக்கிக்கொள்ளலாம்.