காவல் மிருகம் வரல, கிண்ணம் வந்துச்சு

இன்னைக்கு நாம போறது அரியலூர் மாவட்டம், கங்கைகொண்ட சோழபுரம். ஆனா கதை சீனாவுல ஆரம்பிக்குது.

தாங் வம்ச காலத்துல (618–907) பெரிய மனுஷங்க கல்லறை வாசல்ல சுடுமண் மிருகங்களை ஜோடியா வைப்பாங்க. ஒண்ணுக்கு மனுஷ முகம், இன்னொண்ணுக்குச் சிங்க முகம். கொம்பு, இறக்கை, குளம்பு எல்லாம் உண்டு. செத்தவங்களுக்குக் காவல்!

1015, 1033, 1077-ன்னு சோழத் தூதர்கள் சீன அரசவைக்குப் போயிருக்காங்க. இங்க மாளிகைமேடு அகழாய்வுல சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைச்சிருக்கு. அப்போ அந்த மிருகம் ஏன் வரல? அது கல்லறைக்குன்னே செஞ்சது, கப்பல் ஏத்துற சரக்கு இல்ல. கிண்ணமும் தட்டும்தான் சரக்கு.

நம்ம காவல் மிருகம் கோயில் வளாகத்துலயே இருக்கு: சிங்கக் கிணறு. சிங்கத்தோட உடம்புக்குள்ள நுழைஞ்சு, படியில இறங்கித்தான் தண்ணிக்குப் போகணும். அங்க காவல் செத்தவங்களுக்கு, இங்க தண்ணிக்கு.

மாளிகைமேட்டுப் பக்கம் போனா, கண்ல படுற ஓட்டைப் பாக்கெட்ல போட்டுறாதீங்க. எங்க கிடந்துச்சு, எது பக்கத்துல கிடந்துச்சுங்கிறதுதான் அதோட வரலாறு. எடுத்துட்டா, அது வெறும் உடைஞ்ச ஓடு. அந்த ஓட்டுக்குக் காவல் நாமதான்.