சறுக்கு நிலமும் குதிரை லாடமும்

'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்பது நம் முன்னோர் வாக்கு. நான்கு தூண்களை நிறுத்தினாற்போல் நிலத்தை மிதித்து நடக்கும் யானைக்கே அந்நிலை நேருமாயின், மெல்லிய காலும் சிறிய குளம்பும் உடைய குதிரையின் நிலை யாது? அதிலும், மழை ஓயாத நம் மலையகத்துச் சரிவுகளில் ஓர் ஆளையும் முதுகிலே சுமந்துகொண்டு அது எவ்வாறு ஏறி இறங்கிற்று? இன்று நாம் பேசப் போவது இதைப் பற்றியே. வழுக்கும் நிலத்தைப் பற்றிக்கொள்வதற்காகக் குதிரை லாடத்திலே பூட்டவும், வேண்டாதபோது கழற்றவும் கூடிய சிறு இரும்பு முளைகளின் கதை இது. பொருள் சிறிது, ஆனால் அதனைத் தொடர்ந்து சென்றால், நம் தேயிலை மலைகளின் பாதைகளையும், அப்பாதைகளில் நடந்த மனிதரின் பாதங்களையும் காணாமல் திரும்ப முடியாது.

முதலிலே குளம்பை அறிந்துகொள்வோம். குதிரையின் குளம்பு நம் விரல் நகத்தைப் போன்றது. அதன் வெளிச்சுவரில் உணர்ச்சி இல்லை. ஆகவே அங்கே ஆணி அறைந்து லாடம் பொருத்தினால் குதிரைக்கு நோவதில்லை. குளம்பின் அடியில், நடுவே, மெத்தை போன்ற முக்கோணப் பகுதி ஒன்று உண்டு. லாடம் இல்லாத குதிரை நடக்கையில் அப்பகுதியும் குளம்பின் விளிம்பும் சேர்ந்து நிலத்தைப் பற்றும். நம் நெடுந்தீவிலே கட்டின்றித் திரியும் குதிரைகள் இன்றும் லாடம் அறியாதவை. மேடு பள்ளம் இல்லாத தீவில், தம் விருப்பம்போல் மேய்ந்து திரியும் விலங்குக்கு இரும்பு எதற்கு? ஆனால் சுமையோடு கல்வீதியில் நாள்தோறும் நடக்கும் குதிரைக்கு, வளரும் குளம்பைக் காட்டிலும் தேயும் குளம்பு மிகுதியாகும். ஆகவே லாடம் வந்தது. லாடம் குளம்பைக் காத்தது. ஆனால் வழுவழுப்பாகத் தேய்ந்த இரும்பு, ஈரப் பாறையில் குளம்பைவிட எளிதில் வழுக்கியது. ஒரு குறையைத் தீர்த்த பொருள் மற்றொரு குறையைக் கொண்டு வந்தது.

இக்குறையைத் தீர்க்க உலகத்தார் பல வழிகளைக் கண்டனர். பண்டை உரோமர், குளம்பிலே வாரால் இறுக்கிக் கட்டும் இரும்புப் பாதுகை ஒன்றைச் செய்தனர். அது வேண்டும்போது கட்டிப் பின் அவிழ்க்கக் கூடியது. யப்பானியர் வைக்கோலைப் பின்னிக் குதிரைக்குச் செருப்புச் செய்தனர். அது தேய்ந்தவுடன் புதியது கட்டுவர். அந்நாட்டு வழிப்போக்கரும் அதே வைக்கோலாற் செய்த செருப்பையே அணிந்தனர். குதிரையும் அதனை நடத்திச் சென்றவனும் ஒரே புல்லை மிதித்து நடந்தார்கள் என்பதை, நேயர்களே, நினைவில் வைத்திருங்கள்.

ஐரோப்பாவிலே ஆணி அறைந்த லாடம் பரவிய பின்னர், பனிக்காலத்துக்கென இரண்டு உபாயங்கள் வழங்கின. ஒன்று, லாடத்தின் இரு முனைகளையும் கீழ்நோக்கி மடித்துக் கூராக்கி விடுதல். மற்றொன்று, சாதாரண ஆணிக்குப் பதிலாகத் தலை கூரான ஆணிகளை அறைந்து விடுதல். இவற்றின் அருமையை உலகுக்கு உணர்த்தியது 1812ஆம் ஆண்டு. அவ்வாண்டு நெப்போலியனின் பெரும் படை உருசியாவிலிருந்து பின்வாங்கியபோது, உறைபனி மூடிய மேடுகளில் குதிரைகள் சறுக்கி விழுந்து எழ முடியாது மடிந்தன. அவை இழுத்த பீரங்கிகள் வழியிலே கிடந்தன. பேரரசனின் குதிரைலாயத் தலைவராக இருந்த கொலன்கூர், முன்பு உருசியாவிலே தூதராக இருந்தவர்; அந்நாட்டுக் குளிரை அறிந்தவர். அவர் தம் பொறுப்பிலிருந்த அரச குதிரைகளுக்கு மட்டும் பனிக்குரிய லாடங்களைச் செய்வித்திருந்தார். படைக் குதிரைகளுக்கோ அது இல்லை. ஒரு பேரரசின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும் அவற்றுள் ஒன்று குதிரையின் குளம்படியிலே இருந்தது.

மேற்கூறிய இரண்டு உபாயங்களிலும் ஒரு தீங்கு இருந்தது. பனி விழுந்த நாளில் லாடத்தைக் கழற்றி, கூராக்கி, மீண்டும் அறைய வேண்டும். கூர் மழுங்கினால் மறுபடியும் அதே வேலை. வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றும் லாடத்தை அடிக்கடி பிடுங்கி அறைந்தால், குளம்பின் சுவர் ஓட்டையாகி உடைந்து போகும். இதைக் கண்ட அறிஞரும் கொல்லரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வேறொன்றைச் சிந்தித்தனர். லாடத்தைத் தொடாமல், அதன் முனைகளில் துளையிட்டு, அத்துளையிலே முளையை மட்டும் செருகினால் என்ன? பின்னர் துளைக்கு மரை வெட்டி, முளையைத் திருகிப் பூட்டும் முறை வந்தது. காலையில் பூட்டலாம், மாலையில் கழற்றலாம், குளம்புக்கு ஊறு இல்லை. 'ஸ்டட்' என்று இன்று குதிரைப் பழக்குநர் வழங்குவது இந்தத் திருகு முளையையே.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். 1848ஆம் ஆண்டிலே சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணையை நிறுவும் எண்ணத்தோடு ஆட்களையும் கால்நடைகளையும் கொண்டு வந்தார். அவர் கப்பலேற்றிய ஆட்களுள் ஒரு கொல்லரும் இருந்தார் என்பது நம் கதைக்கு உரிய செய்தி. கொல்லர் இல்லாமல் குதிரை இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் மலை அவரைச் சோதித்தது. முதலாண்டிலேயே அவருடைய அவுஸ்திரேலியக் குதிரைகள் ஐந்து இறந்தன. வண்டியையும் குதிரைகளையும் மலைக்கு ஓட்டி வந்த அவருடைய குதிரைக்காரன், அவற்றைச் சுமார் எண்பது அடிப் பள்ளத்திலே வீழ்த்திவிட்டான். அதனை மீட்க அனுப்பிய யானையையும் அவன் கண்மண் தெரியாமல் விரட்ட, அதுவும் மாண்டது. 'குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்தது' என்னும் பழமொழி பேக்கருக்குத் தெரிந்திருந்தால் அன்று சொல்லியிருப்பார். இத்துயரங்கள் யாவும் நிலம் வழுக்கியதனால் விளைந்தவை அல்ல. நோயும் மனிதனின் மடமையும் அவற்றுக்குக் காரணம். ஆயினும் சமவெளியிற் பழகிய குதிரைக்கும் மலைச்சரிவுக்கும் உள்ள பகையை அவை காட்டுகின்றன.

அந்தச் சரிவு எத்தகையது? நம் மலையகத்தின் வழுக்கல் ஒன்றல்ல, பல. நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. ஆனால் வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். வீதியை மூடும் பனிக்கட்டி அங்கே இல்லை. அட்டன் பக்கமோ தென்மேற்குப் பருவமழையின் வாய். வைகாசிக்குப் பின்னர் மாதக்கணக்கில் வானம் திறந்தே இருக்கும். அட்டனுக்கு அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைக் கடக்கிறது; நுவரெலியாவில் அதன் பாதியும் இல்லை. ஒரே மலைத்தொகுதியில் இத்தனை வேறுபாடு. அங்கே நனைந்த செம்மண் எண்ணெய் பூசியதுபோல் இருக்கும். பாசி படர்ந்த கற்படி வேறுவகையாக வழுக்கும். நனைந்த புற்றரை மற்றொரு வகை.

திருகு முளையின் நுட்பம் இங்கேதான் விளங்கும். இறுகிய தரைக்குச் சிறிய கூர்முளை வேண்டும். அது குத்திப் பிடிக்கும். சேற்றுக்குப் பருத்த முளை வேண்டும். கூர்முளை சேற்றிலே வெறுமனே புகுந்து வெளிவரும். கல்வீதியிலே பருத்த முளையோடு குதிரையை நடத்தினால், குதியுயர்ந்த பாதரட்சையோடு பாறையில் நடப்பதுபோல் அதன் கால் ஆடும். இன்னொன்றும் உண்டு. குதிரை காலை ஊன்றும்போது குளம்பு சிறிதளவு முன்னே வழுக்கித்தான் நிற்கும். அந்தச் சிறு வழுக்கல் இயற்கை அதற்கு அளித்த காப்பு. ஓட்டத்தின் அதிர்ச்சியை அது தணிக்கும். முளை அளவுக்கு மிஞ்சிப் பற்றினால் குளம்பு சட்டென நின்றுவிடும். அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்கும் நரம்புக்கும் போய்ச் சேரும். ஆகவே தேர்ந்த பழக்குநர், நிலத்தைப் பார்த்து முளையைப் பூட்டுவர். வேலை முடிந்ததும் கழற்றிவிட்டு, துளையிலே மண் புகாதவாறு எண்ணெய் தோய்ந்த பஞ்சை அடைத்து வைப்பர். முளையின் சிறப்பு அதன் பிடிப்பில் மட்டும் இல்லை. கழற்றக் கூடியதாக இருப்பதிலும் உள்ளது.

ஆனால் தோட்டத்துரை ஒருவர் மலை சுற்றப் புறப்பட்டால், ஒரு மணி நேரத்தில் சேறு, பாறை, புல், கல்வீதி ஆகிய நான்கையும் கடக்க வேண்டும். நான்கிடத்திலும் இறங்கி முளை மாற்றுவது எங்ஙனம்? ஆகவே காலைத் திருத்துவதோடு நில்லாமல், பாதையைத் திருத்தவேண்டிய தேவை எழுந்தது. மலையகத்தில் பெருமளவில் நடந்தது இதுவே. நேரே ஏறும் ஒற்றையடிப் பாதை, சரிவைக் குறைத்துப் பாம்புபோல் வளைந்து ஏறும் வீதியாயிற்று. மழைநீர் பாதையிலே பாயாதிருக்கக் கான்கள் வெட்டப்பட்டன. கல்லுடைத்துப் பரப்பப்பட்டது. வீதியமைப்பிலே பேர்பெற்ற தோமஸ் ஸ்கின்னர் 1867இல் ஓய்வு பெற்றபோது, கண்டி இராச்சியத்தின் காடுகளூடே வண்டிப்பாதைகள் ஓடிக்கொண்டிருந்தன. அதுவரை மலையேறி இறங்கிய பொதிமாட்டுத் தவளங்களுக்குத் துணையாக மாட்டுவண்டிகள் வந்தன. மாட்டின் குளம்பு பிளந்தது. ஆகவே ஒரு காலுக்கு இரண்டு தகடுகள். மாட்டைப் படுக்கவைத்து, கால்களைக் கட்டி, லாடம் அடிக்கும் கொல்லர் வண்டிப்பாதையின் இன்றியமையாத மனிதர் ஆனார். பின்னர் புகைவண்டி 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. பாரம் இரும்புப் பாதைக்கு மாறிற்று. குதிரையோ 1875இல் தொடங்கிய நுவரெலியாப் பந்தயத் திடலிலே, சித்திரை மாதத்துக் கோலாகலத்தின் நாயகனாக நிலைத்தது. இன்று அவ்வூரிலே கிரெகரி வாவியைச் சுற்றிச் சிறுவரை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகள் தார்வீதியில் நடப்பதைக் காணலாம். தேய்ந்த லாடத்துக்கு, மழை நனைத்த தாரும் ஒரு சறுக்கு நிலமே.

நேயர்களே, இவ்வளவும் குதிரையின் காலைப் பற்றியது. அந்தக் குதிரையின் அருகே நடந்த மனிதனின் காலைப் பற்றி யாது சொல்வோம்? துரை குதிரைமீது செல்ல, குதிரைக்காரர் கூடவே ஓடினார். அவரும் நம்மவர், தமிழகத்துக் கிராமத்திலிருந்து கடல் கடந்து வந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே கால்நடையாக வந்தவர்களின் இனத்தவர். குதிரைக்கு லாடம் இருந்தது, ஓடியவருக்கு வெறுங்கால். வீதிக்குக் கல்லுடைத்தவரும், கான் வெட்டியவரும், கோப்பி மூட்டையைச் சுமந்தவரும், பின்னர் கூடை நிறையக் கொழுந்தோடு சரிவிலே இறங்கிய பெண்களும் வெறுங்காலுடனேயே நடந்தனர். பெருவிரலை நிலத்தில் அழுத்தி, மற்ற விரல்களை விரித்து, உடலைப் பக்கவாட்டிலே திருப்பி, ஒவ்வோர் அடியாக வைத்து அவர்கள் இறங்கியதே அவர்களுக்கு வாய்த்த திருகு முளை. அதனை எந்தக் கொல்லரும் செய்து கொடுக்கவில்லை. தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்டாள்.

அந்த வெறுங்காலுக்கு வழுக்கல் மட்டும் பகையன்று. ஈர மண்ணிலே வாழும் கொக்கிப்புழு, பாதத்தின் தோலைத் துளைத்து உடலிலே புகுந்து குருதியை உறிஞ்சும். சோகை பிடித்த தொழிலாளியைச் சோம்பேறி என்று ஏசியவர் பலர். 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியம் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, மருந்தும் மலகூடமும் பேசப்பட்டன. இருந்தும், அந்நோயின் வாசல் காலிலே இருந்தது. குதிரையின் குளம்பில் ஆணி எந்தக் கோணத்தில் ஏறவேண்டும் என்று நூல்கள் எழுதப்பட்ட ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும், அதே மலையில் மனிதப் பாதம் மண்ணோடு தனித்தே நின்றது.

குதிரைமீது காட்டிய அக்கறையை நாம் குறை கூறவில்லை. வாயில்லாச் சீவனின் காலைக் காப்பது அறமே. முற்கூறிய யப்பானிய வழிப்போக்கரை இங்கே நினைவு கொள்க: அவர் தம் குதிரைக்குக் கட்டிய அதே வைக்கோலைத் தம் காலிலும் கட்டினார். அந்தச் சமநிலை நம் மலைகளில் இல்லாமற் போயிற்று என்பதே நாம் சொல்ல வந்தது.

இன்று தோட்டப் பாதைகளில் இறப்பர்ச் செருப்பும் சப்பாத்தும் காண்கிறோம். ஆயினும் மழைநாளில், படங்கு கட்டி, முதுகிலே கூடை சுமந்து, பாசி பிடித்த படியிலே கால்வைக்கும் பெண் இன்றும் வழுக்கி விழுகிறாள். செம்மண்ணுக்கும் பாறைக்கும் எந்த அடித்தோல் பற்றும், எத்தனை நாளில் தேயும், எப்போது மாற்றவேண்டும் என்று, குதிரைக்காக ஒரு காலத்தில் சிந்தித்த அதே நுணுக்கத்தோடு அவளுக்காகவும் சிந்திப்பது அரிய காரியமன்று. நிலத்தை முதலில் பார். பிறகு காலுக்கு உரியதைப் பூட்டு என்பதே திருகு முளை கற்பிக்கும் பாடம். மலை மாறப்போவதில்லை, மழையும் நிற்கப்போவதில்லை. அடுத்த முறை நீங்கள் அட்டன் வீதியிலே செல்லும்போது, பச்சைச் சரிவின் அழகைக் கண்டு மகிழுங்கள். அதிலே ஒற்றையடிப் பாதையொன்று தென்பட்டால், அதில் இறங்கி வருபவரின் பாதத்தையும் ஒருமுறை பாருங்கள்.