காக்கை வன்னியன் இருவர்?
வன்னி வரலாற்றிற் பெயரொப்புமை பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழரின் அரசியல் மேடைகளிலே எதிராளியை இழித்துரைக்க எடுத்தாளப்பெறும் பெயர்களுள் காக்கை வன்னியன் என்பது முதன்மையானது. தமிழகத்தில் எட்டப்பன் என்னும் பெயர் பெற்றுள்ள இடத்தை ஈழத்தில் இப்பெயர் பெற்றுள்ளது எனலாம். ஆயின் இக்காக்கை வன்னியன் யார், எக்காலத்தவன், எவரைக் காட்டிக்கொடுத்தான் என வினவின் இருவேறு விடைகள் கிடைக்கின்றன. யாழ்ப்பாண வைபவமாலையைக் கற்றோர், சங்கிலி மன்னனைப் பறங்கியர் அகப்படுத்துவதற்கு உடந்தையானவன் என்பர். பண்டார வன்னியன் கதையை மேடையிற் கண்டோர், கற்சிலைமடுவிற் பண்டார வன்னியனை வெள்ளையருக்குக் காட்டிக்கொடுத்தவன் என்பர். முன்னது 1619ஆம் ஆண்டின் நிகழ்ச்சி; பின்னது 1803ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. இடைப்பட்ட காலம் 184 ஆண்டுகள். அத்துணைக் காலம் ஒருவன் வாழ்ந்திருக்க முடியாது. எனவே ஒரே பெயரும் ஒரே தொழிலும் உடைய இருவர் இருந்தனரா, அன்றேல் ஒருவனுடைய பெயர் பிறிதொரு காலத்துக்குப் பெயர்ந்ததா என்ற வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காண முயல்கையில், வன்னியின் வரலாற்றைப் பெயர்களைக் கொண்டு எழுதுவதில் உள்ள இடர்ப்பாடு முழுவதும் நமக்குப் புலப்படுகின்றது.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது தமிழர் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. எனவே ஒரு குடியில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் தோன்றுதல் இயல்பே. அரச குடிகளில் இதனோடு பட்டப்பெயரும் சேர்ந்துகொள்கின்றது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் இரு சிம்மாசனப் பெயர்களையே மாறி மாறிச் சூடினர். செகராசசேகரம், செகராசசேகரமாலை, பரராசசேகரம் ஆகிய நூல்களின் காலத்தை வரையறுக்க முனைந்த இலக்கிய வரலாற்றாசிரியர் பட்ட பாடு இதனால் விளைந்ததே. புரவலன் பெயர் தெரிந்திருந்தும் புரவலன் எவன் என்பது தெரியாத நிலை அது.

சங்கிலி என்ற பெயர் இதனினும் பெரிய குழப்பத்துக்கு இடமாயிற்று. 1519 தொடக்கம் 1561 வரை ஆண்ட சங்கிலி ஒருவன்; 1544இல் மன்னாரிற் புதிதாகக் கிறித்தவராகியோரைக் கொல்வித்தவன் அவன். 1617 தொடக்கம் 1619 வரை அதிகாரம் செலுத்திய சங்கிலி குமாரன் வேறொருவன்; பிலிப்பே த ஒலிவேறாவின் படையிடம் தோற்றுக் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொலைத் தண்டனைக்குள்ளானவன் அவன். வைபவமாலையோ இருவரையும் ஒருவராக்கி, மன்னாரிற் கொன்றவனையே நல்லூரிற் பிடிபட்டவனாகவும் காட்டுகின்றது. ஒல்லாந்த ஆட்சிக் காலத்தில், ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவர் எழுதிய நூல் அது. செய்த பாவத்துக்குத் தண்டனை பெற்றான் என்ற கதையொழுங்கு அந்நூலுக்குத் தேவையாயிருந்தது. இரு சங்கிலிகளை ஒன்றாக்கியதும் அவ்வொழுங்கு தானே அமைந்துவிட்டது. 1928இல் வெளிவந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனத்திற் சுவாமி ஞானப்பிரகாசர் போர்த்துக்கீச மூலங்களைக் கொண்டு வைபவமாலையின் கூற்றுக்களைச் சோதித்தமை, ஈழத் தமிழர் வரலாற்றாய்வில் ஒரு திருப்புமுனை எனத்தக்கது.

காக்கை வன்னியன் முதன்முதலாக நமக்கு அறிமுகமாவது இவ்வைபவமாலைக் கதையிலேயே. சங்கிலி கடல் வழியே தப்ப முயன்றபோது பிடிபட்டான் என்பதே போர்த்துக்கீசர் தரப்புக் கூற்று. அதிற் காக்கை வன்னியனுக்கு வேலையில்லை. எனவே முதலாவது காக்கை வன்னியனே ஐயத்துக்குரியவன். அவ்வாறாயின் இரண்டாமவன் நிலை என்ன என்பதை ஆராயுமுன், வன்னியன் என்ற சொல்லை நோக்குதல் வேண்டும்.

வன்னியன் என்பதை ஒரு குலப்பெயராகக் கொள்வோர் பலர். தமிழகத்தில் அப்பெயருடைய பெருஞ்சாதி ஒன்று உண்டு. அச்சாதியார் தம்மை நெருப்பிற் பிறந்த குலத்தினராகக் கூறிக்கொள்வர். ஈழத்து வன்னியரும் அக்குலத்தவரே என்றும், பண்டார வன்னியன் தம் இனத்தவன் என்றும் உரிமை பாராட்டும் எழுத்துக்கள் அண்மைக் காலத்திற் பெருகியுள்ளன. சோழர் படையோடு வந்தோருள் வன்னியர் இருந்திருத்தல் கூடும் என்பதைப் பேராசிரியர் கா. இந்திரபாலா, பேராசிரியர் சி. பத்மநாதன் ஆகியோரின் ஆய்வுகள் கருத்திற் கொண்டுள்ளன. எனினும் ஈழத்தில் இச்சொல் வழங்கிய பரப்பை நோக்கின், அதனை ஒரு குலத்துள் அடக்கிவிட முடியாதென்பது தெளிவு. 13ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்துச் சூளவம்சம் வன்னி அரசர்களைச் சுட்டுகின்றது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வன்னியரும் வன்னிபங்களும் இருந்தனர். நுவரகலாவியாவிற் சிங்களத் தலைவர்கள் அப்பெயரைத் தாங்கினர். பிரித்தானியர் காலத்து மட்டக்களப்பில், வடக்கே மணியகாரன் எனப்பட்ட உத்தியோகத்துக்கு நிகரான உத்தியோகம் வன்னியனார் என்றே வழங்கிற்று. காரியாதிகாரிமார் நியமிக்கப்பெற்றதோடு அது மறைந்தது. வேடர்கூடத் தம்மை வன்னியல எத்தோ, அதாவது காட்டில் வாழ்வோர், என்பர். சாதி, மொழி, சமயம் ஆகியவற்றால் வேறுபட்ட இத்தனை பேரை இணைப்பது குருதியுறவன்று. மைய அரசொன்றின் நேரடி ஆட்சி எட்டாத காட்டுப் புறத்திலே, குடிமக்களிடமிருந்து திறை திரட்டி மேலே செலுத்தும் இடைநிலை அதிகாரத்தில் அவர்கள் அமர்ந்திருந்தனர் என்பதே பொதுக் கூறு. சுருங்கக் கூறின், வன்னியன் என்பது ஒருவன் யார் என்பதைக் கூறும் பெயரன்று. உற்பத்தி உறவுகளில் அவன் எங்கு நின்றான் என்பதைக் கூறும் பெயர்.

இதற்கு அடங்காப்பற்று எனப்பட்ட வடபகுதி வன்னி சிறந்த எடுத்துக்காட்டாகும். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, தென்னமரவடி என்னும் பற்றுக்களின் தலைவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்சியாளருக்குச் செலுத்திய திறை பொன்னன்று, நெல்லுமன்று, யானை. வன்னிக் காட்டிற் பிடிக்கப்பட்ட யானைகள் கடனீரேரியைக் கடந்து குடாநாட்டினுள் இறங்கிய இடமே ஆனையிறவு. ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றப்பட்டு அவை இந்தியச் சந்தைகளுக்குச் சென்றன. போர்த்துக்கீசரும் பின்னர் ஒல்லாந்தரும் வன்னியரைச் சகித்துக்கொண்டமைக்கு இவ்வணிகமே அடிப்படை. திறை தவறாது வந்தகாலை அவர்கள் தொன் பட்டம் பெற்ற கனவான்கள், தவறியகாலை கலகக்காரர். 1697இல் ஒல்லாந்தத் தளபதி சுவார்தெக்றோன் எழுதிய நினைவுக் குறிப்பிலே தொன் பிலிப் நல்ல மாப்பாணன், தொன் கஸ்பார் இலங்கைநாராயணன் என்னும் இரு தலைவர்கள் தோன்றுகின்றனர். நல்ல மாப்பாணன் என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மீண்டும் தோன்றுகின்றது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தருக்குப் பணியாதிருந்த பனங்காமத்துக் கயிலாய வன்னியனின் பெயரோ, பண்டார வன்னியன் கதையில் அவனுடைய தம்பி ஒருவனின் பெயராக மறுபிறவி எடுக்கின்றது. அந்நியனுக்குப் பணியாமை என்ற ஒரே பண்பு இரு காலத்தவரையும் மக்கள் நினைவில் அருகருகே கொணர்ந்து நிறுத்தியதில் வியப்பில்லை.

பண்டார வன்னியன் என்பதும் இயற்பெயரன்று. மரபு அவனைக் குலசேகரம் வைரமுத்து என்கின்றது. பண்டாரம் என்பது யாழ்ப்பாண அரச குடியிலும் வழங்கிய பட்டம். புவிராச பண்டாரம் என்ற மன்னன் 1591இற் போர்த்துக்கீசராற் கொல்லப்பட்டவன். கண்டிப் பக்கத்துப் பண்டார என்பதும் அதன் உறவே. வன்னியின் கடைசித் தலைவனின் பெயரிலேயே தெற்கும் வடக்கும் சந்திக்கின்றன. அவனுடைய போரும் அவ்வாறே இரு திசைகளோடும் தொடர்புடையது. 1782 தொடக்கம் ஒல்லாந்தர், நாகெல் என்ற அதிகாரியைக் கொண்டு வன்னியை நேரடி ஆட்சியின்கீழ்க் கொணர்ந்தனர். இடைநிலை அதிகாரத்தின் பொருளியல் அடித்தளம் அதனோடு தகர்ந்தது. அதன்பின் எஞ்சிய தலைவனுக்கு இரு வழிகளே இருந்தன: உத்தியோகத்தனாதல், அல்லது கண்டியோடு சேர்தல். 1803 ஜூனிற் கண்டியிலிருந்த பிரித்தானியப் படை அழிக்கப்பட்டது. அதனையடுத்துக் கரையோரப் பிரித்தானிய நிலைகள் பலவும் தாக்குதலுக்குள்ளாயின. அவ்வலையின் ஒரு கூறாகவே அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி பண்டார வன்னியன் முல்லைத்தீவைத் தாக்கினான். கப்டன் வொன் ட்றிபேர்க்கின் காவற்படை கடல் வழியே யாழ்ப்பாணம் சென்றது. ஒக்டோபர் 31ஆந் திகதி அதே ட்றிபேர்க் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான்.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவிற் பிரித்தானியர் நாட்டிய கல், அவ்விடத்துக்கு அருகிற் பண்டார வன்னியன் தோற்கடிக்கப்பட்டான் என்று மட்டுமே ஆங்கிலத்திற் கூறிற்று. கொல்லப்பட்டான் எனவில்லை, காட்டிக்கொடுக்கப்பட்டான் எனவுமில்லை. அன்று அவன் இறக்கவில்லை, பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தான் என்பதே வரலாற்றாசிரியர் கருத்து. மேடைக்கோ அவன் அன்றே வீழ்ந்தாக வேண்டும்; வீழ்வதற்கு ஒருவன் காட்டிக்கொடுத்தாகவும் வேண்டும். அந்த இடத்தை நிரப்பவே காக்கை வன்னியன் நல்லூரிலிருந்து கற்சிலைமடுவுக்கு அழைத்துவரப்பட்டான். தலைவனின் தங்கை நல்லநாச்சாளை மணக்க விரும்பி மறுக்கப்பட்டமையே அவன் துரோகத்துக்குக் காரணம் என்பது கதை. ஒரு குடியேற்ற வல்லரசின் படைபலமும் கடலாதிக்கமும், வருவாயிழந்த ஒரு நிலமானிய அதிகாரத்தின் தனிமையும் இவ்வாறு பெண் கேட்டு மறுத்த குடும்பப் பூசலாகச் சுருங்கிவிடுகின்றன. பயிர்செய்த குடியானவர் அப்போரில் எப்பக்கம் நின்றனர், ஏன் நின்றனர் என்ற வினாவே எழாது போய்விடுகின்றது. துரோகி ஒருவன் கிடைத்துவிட்டால் தோல்விக்குக் காரணம் தேடும் பொறுப்பு நீங்கிவிடும் என்பதே இதன் வசதி. இவ்வசதியைப் பிற்காலத்து அரசியலும் நன்கு பயன்படுத்திக்கொண்டது. எத்தனை உயிர்கள் அப்பெயரைச் சூட்டிப் பறிக்கப்பட்டன என்பதை வன்னி மக்கள் அறிவர்.

எட்டப்பன் கதியும் இத்தகையதே. எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர் பரம்பரை பரம்பரையாகத் தாங்கிய பட்டம். 1799இற் கயத்தாற்றிற் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட காலத்து எட்டப்பன் ஒருவன். முத்துசாமி தீட்சிதரை ஆதரித்த எட்டப்பன் வேறொருவன். வசை மட்டும் எல்லாருக்கும் பொது. அங்கும் பாளையங்களுக்கிடையேயான எல்லைத் தகராறும், கும்பினியாரின் வரிப் பசியும் ஒருவனுடைய குணக்கேட்டினுள் மறைந்துபோயின. எனினும் எட்டப்பன் வாழ்ந்த மனிதன். 1803ஆம் ஆண்டுக்குரிய காக்கை வன்னியன் ஒரு கதைப்பாத்திரம். நம் கருத்தில், இருவர் இருந்திலர். ஒரு பாத்திரமே இருமுறை மேடையேறிற்று.

இம்மேடையேற்றத்தின் காலமும் வர்க்கச் சார்பும் கவனிக்கத்தக்கன. பண்டார வன்னியன் நாடகத்தை எழுதிய முல்லைமணி வே. சுப்பிரமணியம் ஆசிரியர், காலம் 1960கள். 1956ஆம் ஆண்டுக்குப் பின் தமிழ்த் தேசிய உணர்வு கிராமத்து நடுத்தர வர்க்கத்தினரிடையே பரவிய வேளையில், யாழ்ப்பாண வரலாற்றின் வாலாகவே கருதப்பட்ட வன்னிக்குத் தனக்கென ஒரு வீரன் தேவைப்பட்டான். அத்தேவை நியாயமானது, முல்லைமணியின் பணி மதிக்கத்தக்கது. பின்னர் மு. கருணாநிதி பாயும் புலி பண்டாரக வன்னியன் என்ற நாவலை எழுதியபோது அவ்வீரன் பாக்கு நீரிணையைக் கடந்து கட்டபொம்மனுக்குத் தம்பியானான்.

ஆனால் அதற்கு முன்னர் வன்னிக் குடியானவரின் அரங்கை நிறைத்திருந்தவர் வன்னியர் அல்லர். முல்லைத்தீவுப் பகுதியிற் செல்வாக்குப் பெற்றிருந்தது கோவலன் கூத்து. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலோடு ஒட்டி வளர்ந்தது அது. அரசனிடம் நீதி கேட்ட பெண்ணின் கதையையே அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடினர். வன்னியர் திறையாகச் செலுத்திய யானைகளை உண்மையிற் பிடித்தவர் பணிக்கர். அவர்தம் நினைவும் வாய்மொழியிலேயே நின்றது. பிறரால் அடக்க முடியாத யானையைக் கட்டிக்கொணர்ந்தவள் வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தை. அதனாற் பொறாமையுற்றோர் அவளை நஞ்சூட்டிக் கொன்றனர் என்பது அவள் மீது பாடப்பெற்ற ஒப்பாரியின் பொருள். ஒல்லாந்தர் ஏடுகளில் யானைகளின் கணக்கு உண்டு. அவற்றைச் செலுத்திய வன்னியரின் பெயர்களும் உண்டு. அரியாத்தையின் பெயர் ஒப்பாரியில் மட்டுமே உண்டு. அப்பெயரில் இன்னொருத்தி இருந்ததாக எவரும் கூறியதில்லை.