மோட்டர் சூடானால் கொழுந்து சிவக்கும்: வாட்டுத் தொட்டி விசிறியில் எதை முதலில் பார்ப்பது?

வட்டகொடையில் மாலை நிறுவை முடிந்ததும் கொழுந்து லொறியில் ஏறி, தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே நீளமான தொட்டிகளில் பரப்பப்பட்டு, பெரும்பாலும் 12 முதல் 18 மணித்தியாலம் வரை விசிறிக் காற்றில் வாடுகிறது. பறித்த பின்னும் கொழுந்து சுவாசிக்கிறது. அதனால் குவியலுக்குள் சூடு பிறக்கிறது. விசிறி நின்றால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. இலை சிவந்துபோகும். மலைச்சரிவில் நாள் முழுக்க நின்று பறித்த பெண்களின் உழைப்பு, தரம் குறைந்த தேயிலையாகக் கொழும்பு ஏலத்துக்குப் போய்ச் சேரும்.

இதனால்தான் இரவில் விசிறி மோட்டர் சூடாகி நின்றதும், எப்படியாவது ஓடவிடு என்ற அவசரம் வருகிறது. இப்பகுதியில் மோட்டர் திருத்தும் அண்ணன்மாரிடம் நான் பேசியபோது எல்லோரும் எச்சரித்தது இந்த அவசரத்தைப் பற்றித்தான். மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே தன் வேலையைத்தான் செய்கிறது. அதன் அளவைக் கூட்டி வைப்பதும், கம்பி போட்டு அதைத் தாண்டி மின்சாரம் கொடுப்பதும் வைண்டிங்கை எரித்துவிடும். பழைய தொழிற்சாலைகள் பலவற்றில் வாட்டும் மாடி பலகைத் தளம். அங்கே பிடிக்கும் தீ மோட்டரோடு நிற்காது.

திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவதும் ஆபத்து. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மோட்டர் வழக்கமான மின்னோட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கிறது. ஏற்கெனவே சூடான வைண்டிங் மேலும் சூடாகும். காரணம் தெரியும் வரை அதைத் தொடக்கூடாது.

தொடுவதற்கு முன்

மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, 'வேலை நடக்கிறது' என்று அட்டை தொங்கவிட வேண்டும். பின்னர் மின்சாரம் இல்லை என்பதை மீற்றரால் உறுதிசெய்ய வேண்டும். மூடியைத் திறப்பது மின்வேலை தெரிந்தவரின் பொறுப்பு. அன்று வாட்டும் பகுதியில் நிற்கும் தொழிலாளியின் வேலை அல்ல.

முதலில் காற்று

தொட்டி விசிறிகள் பெரும்பாலும் காற்றைத் தண்டின் திசையிலேயே நேராகத் தள்ளுபவை. காற்றின் வழி அடைபட்டால் இவ்வகை விசிறிக்குச் சுமை கூடும். பல தொட்டிகளில் மோட்டர் அந்தக் காற்றோட்டத்துக்கு நடுவிலேயே இருப்பதால், காற்று குறையும்போது அதன் குளிர்ச்சியும் குறைகிறது. கொழுந்தை அளவுக்கு மீறித் தடிப்பாகப் பரப்பியிருக்கிறார்களா, தொட்டியின் வலை அடைத்திருக்கிறதா, மோட்டரின் உடம்பில் தேயிலைத் தூசும் பஞ்சும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைநாளில் சுடுகாற்று கலந்து விடும்போது மோட்டரைச் சுற்றியும் வெப்பம் ஏறுகிறது. கழற்றிப் பூட்டிய மோட்டர் தலைகீழாகச் சுற்றுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு வயர் இடம் மாறினாலே திசை மாறிவிடும்.

இரண்டாவது மின்சாரம்

மூன்று பேஸிலும் வோல்ற்றையும் அம்பியரையும் அளக்க வேண்டும். வோல்ற்றில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு, அம்பியரில் 6 முதல் 10 சதவீதம் வரை வேறுபாட்டை உண்டாக்கலாம். ஓடும்போது ஒரு பேஸ் அறுந்தால் மீதி இரண்டும் ஏறத்தாழ 1.7 மடங்கு இழுக்கும். நின்ற மோட்டர் உறுமிக்கொண்டே கிளம்பாது. எரிந்த பியூஸ், தளர்ந்த முனை, கருகிய கொன்டாக்டர் ஆகியவை வழக்கமான காரணங்கள். ரிலேயின் அளவு மோட்டரின் பெயர்த்தகட்டில் உள்ள அம்பியரோடு பொருந்த வேண்டும்.

மூன்றாவது பெயாரிங்

மின்சாரத்தை நிறுத்திய பின் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு, ஆட்டம், ஓரிடத்தில் இறுக்கம் இருந்தால் பெயாரிங் போய்விட்டது. கிறீஸ் குறைந்தாலும் சூடாகும், அளவுக்கு மீறி அடைத்தாலும் சூடாகும்.

கடைசியாக வைண்டிங்

மெகர் மீற்றரால் காப்பைச் சோதிக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஓட்டக்கூடாது. பனிமூட்டத்தில் பல நாள் சும்மா கிடந்த மோட்டரில் ஈரம் ஏறியிருக்கும். உலர்த்தி மறுபடியும் சோதிக்க வேண்டும். அனுமதித்த வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸுக்கும் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்தொழிலில் சொல்லப்படும் கணக்கு. மெல்லிய கம்பியால் மலிவாகக் கட்டிய வைண்டிங் எவ்வளவு திருத்தினாலும் சூடாகும்.

மலைக்கென்று ஒரு கணக்கும் உண்டு. பொதுவான மோட்டர்கள் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயரம் வரைக்கும், 40 பாகை வெப்பத்துக்கும் கணக்கிட்டுச் செய்யப்படுகின்றன. வட்டகொடை அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் மோட்டரின் சூட்டை அது குறைவாகவே எடுத்துச் செல்கிறது. மலைக்குளிர் இதைப் பெருமளவு ஈடுசெய்கிறது என்றாலும், சுடுகாற்று விடும் நாட்களில் அந்த உதவி கிடைப்பதில்லை.

மோட்டரைப் பார்க்கும் நேரத்தில் கொழுந்தையும் விட்டுவிடக்கூடாது. கதவு, ஜன்னல்களைத் திறந்து, இலையை மெல்லியதாகப் பரப்பி, கையால் புரட்டிக் கொடுத்தால் சூடு தணியும். ஓடுகிற தொட்டியில் இடம் இருந்தால் மாற்றலாம்.

1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து போய் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களில் இன்று அரிசி ஆலைகளிலும் நீர்ப்பம்பிகளிலும் வேலை செய்பவர்களுக்கும் காற்று, மின்சாரம், பெயாரிங், வைண்டிங் என்ற இதே வரிசை உதவும். பழைய மோட்டரை மறுபடி கட்டி ஓட்டுகிற இடங்களில் இது இன்னும் தேவை.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. வாரம் ஒரு தடவை மூன்று பேஸின் அம்பியரையும் மோட்டரின் சூட்டையும் ஒரு கொப்பியில் எழுதினால், கெடப்போகும் மோட்டர் முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்தக் கொப்பி தொழிலாளிக்கும் பாதுகாப்பு. நடுச்சாமத்தில் "திரும்ப அழுத்து" என்று யாராவது சொன்னால், அதைக் காட்டி மின்திருத்துநரைக் கூப்பிடச் சொல்லலாம். மோட்டர் எரிந்த பிறகு பழி யார்மேல் விழும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.