கிடை மாட்டுக்கு ஒரு போட்டோ

அறுப்பு முடிஞ்ச எங்க வயல்ல இந்த வருசமும் கிடை மாடு இறங்கியிருக்கு. விடியக்காலையில செல்போனோட போனேன். "காளையெல்லாம் அந்தப் பக்கம் நிக்குது தம்பி"ன்னார் கிடைக்காரர். பசுவை எடுக்க வந்தேன்னு சொன்னதும் சிரிச்சுட்டார். "பசுவை யாரு தம்பி எடுப்பா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு.

1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராக மதுரைக்கு வந்தார். ரயில் வராத காலம். கேமராவும் ரசாயனச் சாமானும் மாட்டு வண்டியில்தான் வந்தன. அவர் எடுத்தது மீனாட்சி கோவில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம். அப்ப ஒரு படம் பதியவே நேரம் பிடிக்கும். அதுவரை அசையக் கூடாது. கல்லு நிக்கும், வாலாட்டுற மாடு நிக்குமா?

பிறகு கேமரா வேகமாச்சு. ஆனாலும் அது காளைகிட்டதான் போச்சு. 2014 மே மாசம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செஞ்சது. 2017 ஜனவரியில் மதுரை தமுக்கத்திலும் சென்னை மெரினாவிலும் கூட்டம் கூடுச்சு, சட்டம் வந்துச்சு. அலங்காநல்லூர் காளையை உலகமே படத்துல பார்த்துச்சு. அதைப் பெத்த பசு கிடையிலேயே நின்னுச்சு.

அந்தக் காளைகள்ல நிறைய புலிக்குளம் இனம். கர்னாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் இதைத் தனி இனமா ஏத்துக்கிட்டு 03035-ன்னு எண் கொடுத்திருக்கு. காளை கருஞ்சாம்பல், பசு வெள்ளை அல்லது சாம்பல். மூஞ்சியிலும் கண்ணோரத்திலும் செம்பழுப்புத் திட்டு இருக்கும். இதையெல்லாம் எழுத்துல எவ்வளவு சொன்னாலும், ஒரு நல்ல படம் சொல்ற மாதிரி வராது. அடையாளம் இல்லாத மாடு கணக்கெடுப்புல வெறும் 'நாட்டு மாடு'தான்.

எங்க தாத்தாவும் கிடை வச்சிருந்தவர்தான். ஒரு பஞ்சத்துல மொத்தத்தையும் வித்துட்டார். வீட்டுல மிஞ்சினது ஒரே ஒரு படம்: மாட்டுப் பொங்கலுக்கு மாலை போட்ட காளை. பசு ஒண்ணு கூட இல்லை. அதுகளோட கொம்பு, நிறம் எல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும். போன வருசம் அப்பாவும் போயிட்டார். கேட்டு வச்சுக்காதது என் தப்பு.

கிடை மாட்டைப் படம் எடுக்கிறது லேசில்லை. மூக்கணாங்கயிறு கிடையாது, புது ஆளைக் கண்டா விலகும். வெயில் ஏறினா மேய்ச்சலுக்குக் கிளம்பிரும். நின்னுக்கிட்டு எடுத்தா கால் குட்டையாத் தெரியும். குத்தவச்சு, மாட்டு வயித்து உயரத்துல செல்போனைப் பிடிக்கணும். சூரியன் நம்ம முதுகுப் பக்கம் இருக்கணும். கொம்பு, திமில், அலைதாடி, வால்குஞ்சம் நாலும் பக்கவாட்டுல தெரியணும்.

கிடைக்காரர் கூடவே நின்னு குரல் கொடுத்தார். மாடுக அடங்கி நின்னுச்சுக. பன்னெண்டு பசுவை எடுத்தேன். ஒவ்வொண்ணுக்கும் பேரு, தாய் யாருன்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டேன்.

கிளம்பும்போது அவரே கூப்பிட்டார். "தம்பி, அந்தக் கிழட்டுப் பசுவையும் எடுத்துருங்க. இந்தக் கிடைல பாதி அது வயித்துல வந்ததுதான். அடுத்த அறுப்புக்கு இருக்குமோ என்னமோ."

திரும்பிப் போய் எடுத்தேன்.